ஒரு வீட்டுக்குப் போகப் பத்து வீடுகள்: திருச்சபைகளின் எச்.ஐ.வி. பணியில் நாங்கள் கண்டவை

முன்னாள் களப்பணியாளர், பண்ருட்டி:

2003ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகள் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில், திருச்சபை சார்ந்த ஒரு சமூகப் பணி அமைப்பில் களப்பணியாளராக இருந்தேன். எச்.ஐ.வி. தொற்றுள்ள குடும்பங்களைத் தேடிச் சென்று பார்ப்பதும், அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் என் வேலை. சத்துமாவு கொடுத்ததையும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை வாங்கித் தந்ததையும் எழுதப் பலர் இருக்கிறார்கள். யாருக்கு உதவுகிறோம் என்பது ஊருக்குத் தெரியாமல் உதவுவதற்கு நாங்கள் பட்ட பாட்டை நான் எழுத விரும்புகிறேன். அதை என் பிழையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் முதல் வீடு, முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒரு பெண்ணின் வீடு. கணவர் லாரி ஓட்டுநர். முந்தைய ஆண்டு இறந்திருந்தார். வறுத்த கொட்டையைக் கல்லில் நிறுத்திக் கட்டையால் ஒரே தட்டு தட்டிப் பருப்பு முறியாமல் எடுக்க வேண்டும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதால் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டே அவர் பேசிக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் பத்தும் கருத்திருந்தன. அமைப்பின் பெயரும் எய்ட்ஸ் விழிப்புணர்வின் அடையாளமான சிவப்பு நாடாவும் வரையப்பட்டிருந்த எங்கள் ஜீப்பை அவர் வாசலிலேயே நிறுத்தியிருந்தோம். அரிசி மூட்டையை நானே தோளில் சுமந்து உள்ளே வைத்தேன். அன்று எனக்கு மிகுந்த மனநிறைவு.

அடுத்த வாரம் போனபோது அவர் வாசலில் கொட்டை இல்லை, கட்டையும் இல்லை. மூட்டை கொடுத்துக்கொண்டிருந்த வியாபாரி நிறுத்திவிட்டார். தெருக்குழாயில் அவர் குடத்தை வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடங்களை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரம் சுவரெங்கும் இருந்த காலம் அது; ஏழு வயது மகனைப் பிள்ளைகள் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அவர் என்மேல் கோபப்படவில்லை. "நல்லது செய்யத்தான் வந்தீங்க தம்பி. ஆனா ஊருக்கே சொல்லிட்டுப் போயிட்டீங்க" என்று மட்டும் சொன்னார்.

அதை எங்கள் பணிக்குப் பொறுப்பாக இருந்த அருட்சகோதரியிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் முதல் ஜீப் கோயில் வளாகத்தைவிட்டு வெளியே வரவில்லை. நாங்கள் டி.வி.எஸ். 50இல் போனோம், அதையும் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தோம். ஒரு தெருவில் எங்களுக்கு வேண்டிய வீடு ஒன்றென்றால் பத்து வீடுகள் ஏறி இறங்கினோம்: ஒரு வீட்டில் குழந்தைக்கு எடை பார்த்தோம், இன்னொரு வீட்டில் பாட்டிக்கு இரத்த அழுத்தம் பார்த்தோம், வேறொரு வீட்டில் விதவை உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்தோம், ஐந்தாவதோ ஆறாவதோ வீடாக அந்த வீட்டுக்குள் நுழைந்தோம். சத்துமாவும் அப்படியே, மகளிர் குழுவில் இருந்த கணவனை இழந்த பெண்கள் அனைவருக்கும் போயிற்று. செலவு பல மடங்கு ஆனது. பணம் தந்தவர்கள் பயனாளிகளின் எண்ணிக்கையையும் புகைப்படத்தையும் கேட்டார்கள். சகோதரி எண்ணிக்கையைத் தந்தார்; புகைப்படத்தைக் கடைசி வரை தரவில்லை. அதற்காக ஓர் ஆண்டு எங்கள் நிதி குறைக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

பதிவேட்டிலும் பெயர்களை எழுதவில்லை. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு மரத்தின் பெயரைச் சொன்னார்கள். அதுவே நோட்டுப் புத்தகத்தில் ஏறியது. வேம்பு, புளி, பூவரசு என்று பக்கம் பக்கமாக மரங்கள் இருந்தன. நான் சொன்ன அந்த அம்மா, தன் வாசலில் நின்ற பலாவைச் சொன்னார்.

2004 ஏப்ரலில் அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியபோது எங்களுக்குக் கிடைத்த இடம் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை. இரத்தத்தில் நோயை எதிர்க்கும் சி.டி.4 அணுக்கள் 200க்குக் கீழே இறங்கியவர்களுக்குத்தான் அப்போது மருந்து தொடங்குவார்கள். அந்த நிலைக்கு வந்தவர்களால் பேருந்தில் உட்கார்ந்து வருவதே பெரும்பாடு. பண்ருட்டியில் நள்ளிரவுக்குப் பின் ஆறு பேர் ஏறுவோம், ஆறு வெவ்வேறு இருக்கைகளில் ஒருவரையொருவர் அறியாதவர்களைப் போல் உட்கார்ந்திருப்போம். தாம்பரத்தில் இறங்கி மருத்துவமனை வாசலுக்குள் போன பிறகுதான் பேச்சே தொடங்கும். திரும்பும்போது மாத்திரைப் பாட்டிலின் மேலிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பாட்டிலை எடுத்தால் உள்ளே மாத்திரைகள் குலுங்கும் சத்தம் மாமியாருக்குக் கேட்கும் என்று பலா அம்மா அதற்குள் பஞ்சு வைத்து அடைத்தார். சர்க்கரைக்கு மாத்திரை என்று வீட்டில் சொல்லியிருந்தார்.

அந்தக் காலத்து மருந்துகளிலும் ஒன்று எங்களைக் காட்டிக்கொடுத்தது. ஸ்டாவுடின் உயிரைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் சில ஆண்டுகளில் கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப்போகும், பாதம் எரியும். ஊரில் விவரம் தெரிந்தவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அந்த மருந்து நிறுத்தப்பட்டபோது நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

ஓய்வுபெற்ற செவிலியர், கடலூர்:

மேலே உள்ளதைப் படித்தபோது பிரசவ அறை நினைவுக்கு வந்தது. நான் வேலை செய்த மருத்துவமனைகளில் ஒன்றில், தொற்றுள்ள தாயின் கட்டிலில் மஞ்சள் அட்டை ஒன்றைத் தொங்கவிடுவார்கள். அட்டையில் எதுவும் எழுதியிருக்காது. ஆனால் துப்புரவுப் பணியாளர் முதல் பக்கத்துக் கட்டிலின் பாட்டி வரை அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். பின்னர் ஒரு மிஷன் மருத்துவமனைக்கு மாறினேன். அங்கே எல்லாத் தாய்மாருக்கும் ஒரே வகைக் கையுறை, ஒரே முன்னெச்சரிக்கை, ஒரே மாதிரிக் கட்டில். எந்த நோயாளிக்கும் அதுதான் முறை என்பதை நாங்கள் பாடத்தில் படித்திருந்தோம். நடைமுறையில் நான் பார்த்தது அங்கேதான்.

தொற்று குழந்தைக்குப் போகாமலிருக்க, அப்போது தாய்க்குப் பிரசவ வலி தொடங்கியதும் 200 மில்லிகிராம் நெவிரபின் மாத்திரை ஒன்று. பிறந்த குழந்தைக்கு 72 மணி நேரத்துக்குள் அதே மருந்து சொட்டாக. கொடுப்பது எளிது. அதற்குப் பிறகுதான் கடினம். தாய்ப்பால் வழியாகத் தொற்று போகக்கூடும் என்பதால் பலர் பால் பொடியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் கிராமத்தில் மார்பில் பால் இருந்தும் ஒரு தாய் கொடுக்காவிட்டால் மாமியார் ஏன் என்று கேட்பார், பக்கத்து வீட்டுக்காரியும் கேட்பார். உடன் வரும் சகோதரி ஒருவர், "மார்பில் கட்டி இருக்கிறது, டாக்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டார்" என்று அந்த வீடுகளில் தாமே போய்ச் சொல்வார். பொய் சொல்வது அவருக்கு மிகுந்த வேதனை. ஒருமுறை திரும்பும் வழியில், "அந்தப் பிள்ளைக்காகச் சொன்னேன், ஆண்டவருக்குத் தெரியும்" என்றார்.

தொற்றை எதிர்க்கத் தாயின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் குழந்தையின் உடலிலும் தங்கியிருக்கும், சோதனை அதைத்தான் காட்டும் என்பதால், தொற்று உண்டா இல்லையா என்பதை அன்றைய சோதனையில் 18 மாதம் முடிந்த பிறகே உறுதியாகச் சொல்ல முடிந்தது. அந்தப் பதினெட்டு மாதமும் குழந்தை தும்மினால்கூடத் தாய் நடுங்குவாள். அரசின் எச்.ஐ.வி. சோதனை, ஆலோசனை மையமான நம்பிக்கை மையத்தின் வாசலில், குழந்தையின் முடிவுத் தாளை வாங்கிப் பிரிக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு, கோயிலுக்குப் போய்த்தான் பிரிப்பேன் என்று நடந்துபோன ஒரு தாயை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொற்று இல்லை. இப்போது கருவுற்ற பெண்ணுக்குத் தொற்று தெரிந்த உடனேயே வாழ்நாள் மருந்து தொடங்கிவிடுகிறார்கள், தாய்ப்பாலும் கொடுக்கச் சொல்கிறார்கள். குழந்தைக்கு ஆறாம் வாரத்திலேயே சோதனை உண்டு. இதைப் பார்க்கும்போது அந்தச் சகோதரி இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஒரு குறையையும் எழுதிவிடுகிறேன். கத்தோலிக்க அமைப்புகளில் வேலை செய்தவர்கள் ஆணுறையைப் பற்றி வாய் திறப்பதில்லை. கணவனுக்குத் தொற்று, மனைவிக்கு இல்லை என்ற வீடுகளில் அந்த மௌனம் ஆபத்தானது. எனக்குத் தெரிந்த சில பணியாளர்கள் தம்பதியரை நேரே அரசு நம்பிக்கை மையத்துக்கு அனுப்பி, ஆலோசகரிடம் விட்டு வெளியே காத்திருப்பார்கள். அது ஒரு வழிதான். ஆனால் அனுப்பப்படாதவர்களும் இருந்தார்கள்.

சபை உறுப்பினர், நெல்லிக்குப்பம் பகுதி:

எங்கள் கிராமத்துத் திருச்சபையில் திருவிருந்தின் திராட்சை இரசத்தை எல்லாரும் ஒரே கிண்ணத்தில் பருகுவோம். ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சுக் கிளம்பியதும் மூன்று குடும்பங்கள் முழங்காலிட வருவதை நிறுத்தின; ஆளுக்கொரு சிறு கிண்ணம் வேண்டும் என்று குழுவில் கேட்டார்கள். எச்சிலால் எச்.ஐ.வி. பரவாது என்று போதகர் இரண்டு முறை விளக்கினார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், வரவில்லை. அந்தப் பெண் தாமாகவே கடைசி ஆளாக வரத் தொடங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பருகிய பிறகு கிண்ணத்தில் பாதிக்கு மேல் இரசம் மீந்திருந்தது. போதகர் சபையைப் பார்த்து நின்று, அவசரப்படாமல், துடைக்காமல், கடைசித் துளி வரை பருகினார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே செய்தார். மூன்றில் இரண்டு குடும்பங்கள் அந்த ஆண்டு கிறிஸ்துமசுக்குள் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவது குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது.

இதே பீடத்திலிருந்து முன்பு ஒரு பிரசங்கியார் 'பாவத்தின் சம்பளம்' என்று எய்ட்ஸைப் பற்றிப் பேசியதையும் நான் கேட்டிருக்கிறேன். கணவன் ஒருவனைத் தவிர வேறு ஆணை அறியாத பெண்கள் அன்று கீழே தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பெயர் வெளியிட விரும்பாத உறுப்பினர், பாகூர்:

நான் பிறக்கும்போதே தொற்றுடன் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு பாட்டி என்னை ஒரு விடுதிக்கு அழைத்துப் போனார். உண்மையைச் சொன்னால்தான் மருந்து கொடுப்பார்கள் என்று நம்பிப் பாட்டி உண்மையைச் சொன்னார். மற்றப் பெற்றோர் எதிர்ப்பார்கள் என்று சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அப்படி ஒரு பிள்ளைக்குப் பள்ளியோ விடுதியோ மறுப்பது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின்படி இன்று தடைசெய்யப்பட்டிருக்கிறது. அன்று அந்தச் சட்டம் இல்லை.

அருட்சகோதரிகள் நடத்திய இன்னொரு விடுதி என்னைச் சேர்த்துக்கொண்டது. காலை எட்டு, இரவு எட்டு என்று எனக்கு மாத்திரை. அங்கே ஏறக்குறைய நாற்பது பிள்ளைகள் இருந்தோம். அந்த இரண்டு நேரமும் மணியடித்து எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கொரு வைட்டமின் மாத்திரை தருவார்கள். என் முறை வரும்போது சகோதரியின் இடது கையிலிருந்து ஒன்று வரும். எல்லாப் பிள்ளைகளும் மாத்திரை சாப்பிடுவார்கள் என்றுதான் பதின்மூன்று வயது வரை நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்ன நாளில் எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. ஒரு வாரம் மாத்திரையைத் துப்பினேன். சகோதரி திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. எட்டு மணிக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்பது மணி வரை இருந்துவிட்டு எழுந்து போவார். எட்டாம் நாள் நானே கையை நீட்டினேன்.

இன்று நாளுக்கு ஒரே மாத்திரை. என் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு வழியாக என்னிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்பதை மருத்துவரே என் வருங்காலக் கணவருக்கு விளக்கினார். அவரிடம் நான் முதலில் சொன்னது அந்த வரிசையைப் பற்றித்தான்.

முன்னாள் களப்பணியாளர், பண்ருட்டி:

இடது கையைப் பற்றிப் படித்த பிறகு இன்னும் கொஞ்சம் எழுதத் தோன்றியது.

2011 டிசம்பர் 30 அதிகாலை 'தானே' என்ற புயல் அடித்தபோது பண்ருட்டியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கூரையோடு மாத்திரைகளும் போயின. நிவாரண வரிசையில் நின்று 'என் மாத்திரை நனைந்துவிட்டது' என்று சொல்ல யாராலும் முடியாது. பதிவேடு நனைந்து கிடந்தது. ஆனால் எங்களுக்கு மரங்களின் பெயர்கள் மனப்பாடம். விழுந்த மரங்களைத் தாண்டிக்கொண்டு நடந்து, தார்ப்பாய் கொடுக்கும் சாக்கில் வீடு வீடாகப் போய், யாரிடம் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று கேட்டோம். இல்லாதவர்களுக்காகக் கடலூர் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போனோம்; அங்கிருந்த மருந்தாளுநர் நிலைமையை உடனே புரிந்துகொண்டார்.

இரண்டு ஆண்டுகளில் எங்கள் திட்டத்துக்கு நிதி நின்றது. அரசு மையங்கள் அருகிலேயே வந்துவிட்டன, மருந்தும் தடையின்றிக் கிடைக்கிறது, இனி இது தேவையில்லை என்றார்கள். மருந்தைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரி. 2017இலிருந்து தொற்று தெரிந்த எவருக்கும் சி.டி.4 பார்த்துக் காத்திருக்காமல் மருந்து தொடங்குகிறார்கள். பெண்கள் டவுன் பஸ்ஸில் கட்டணமின்றிக் கடலூர் போய் வருகிறார்கள். மருந்தை விட்டுவிட்டவர் வீட்டுக்கு, பத்து வீடுகளைச் சுற்றிக்கொண்டு போவதற்குத்தான் ஆளில்லை. முடிந்தவரை நான் மட்டும் போகிறேன்.

திட்டம் மூடிய நாளில் சகோதரி அந்த நோட்டுப் புத்தகங்களை விடுதிச் சமையலறை அடுப்பில் தாமே ஒவ்வொரு தாளாகப் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

பலா அம்மாவின் வாசல் மரம் தானேயில் விழுந்துவிட்டது. மகன் இப்போது நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளி, கல்யாணமாகிவிட்டது. மாதத்துக்கொரு முறை எனக்கு அழைப்பு வரும். மருமகள் பக்கத்தில் இருந்தால் குரல் தாழும்.

"தம்பி, பலா பேசறேன். வாங்கிட்டேன்."