காப்பி ஆனது, ஆனால் அதே பைட்டுகள் இல்லை: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

#1

இன்புட் ஸ்ட்ரீமிலிருந்து (ஸ்ட்ரீம் என்றால் கோப்பு, நெட்வொர்க் போன்றவற்றில் வரிசையாக வரும் பைட் ஓட்டம்) படித்து அவுட்புட் ஸ்ட்ரீமில் எழுதும் லூப் நான்கைந்து வரிதான். அதனாலேயே கோட் ரிவ்யூவில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் அந்த இடத்தில் நின்று பார்ப்பேன். அந்த வரிகள் தப்பாக இருந்தால் பெரும்பாலும் எர்ரர் வராது. வேலை முடிந்தது என்றே காட்டும், தரவு மட்டும் மாறிப்போயிருக்கும். அப்படி நீங்கள் நேரில் பார்த்ததை இங்கே எழுதுங்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் சேர்த்து.

முதலில் என்னுடையது. படங்களைச் சேமித்து வைக்கும் ஒரு சிஸ்டம். பல காலமாக ஓடிக்கொண்டிருந்தது, யாரும் புகார் சொன்னதில்லை. அதை வேறொரு சேமிப்புக்கு மாற்றும்போது செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுப் பார்த்தோம். அனுப்பியவர்களிடம் இருந்த மூலப் படத்துக்கும் எங்களிடம் இருந்த படத்துக்கும் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆனால் எந்தப் படத்தைத் திறந்தாலும் பளிச்சென்று தெரிகிறது.

கோப்பு அளவுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புலப்பட்டது. எல்லா அளவும் 8192-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது. தற்செயலாக இப்படி வர வாய்ப்பே இல்லை. ஜாவா கோட்டைத் திறந்தால், ரீட் எத்தனை பைட் தந்தது என்பதை -1 (முடிந்துவிட்டது என்ற குறி) தானா என்று பார்க்க மட்டும் பயன்படுத்தியிருந்தார்கள். எழுதும்போது பஃபர் (படித்ததைத் தற்காலிகமாக வைக்கும் இடம், இங்கே 8192 பைட்) முழுவதையும் எழுதிவிட்டார்கள்.

ஒரு கணக்கு போட்டால் தெளிவாகும். மூலக் கோப்பு 20,000 பைட் என்று வைத்துக்கொள்வோம். 8192 பஃபரில் முதல் சுற்று நிறைந்து வரும், இரண்டாவதும் நிறைந்து வரும், மூன்றாவதில் 3616 பைட்தான் வரும். பஃபரின் மீதி 4576 இடத்தில் இரண்டாவது சுற்றின் பழைய பைட்டுகள் அப்படியே கிடக்கும். அவற்றையும் சேர்த்து எழுதினால் வெளியே வருவது 24,576. ஜேபெக் படத்துக்கு முடிவுக் குறி உள்ளேயே இருப்பதால், அதற்குப் பின்னால் வரும் குப்பையை வியூவர்கள் பொருட்படுத்துவதில்லை. அதனால்தான் இத்தனை காலம் வெளியே தெரியவில்லை. வால் மட்டும் கெட்டிருந்ததால் முடிவுக் குறிக்குப் பிறகு இருந்ததை வெட்டி எறிந்து படங்களை மீட்டோம். இதே லூப் சாக்கெட்டிலிருந்து படித்திருந்தால் மீட்பு நடந்திருக்காது. நெட்வொர்க்கில் ஒவ்வொரு ரீடும் பஃபர் நிறைய வரும் என்று எதிர்பார்க்கவே முடியாது. குப்பை நடுநடுவே புகுந்திருக்கும்.

#2

எங்கள் டீமில் வந்த புகார் இப்படி: "டெக்ஸ்ட் கோப்பு எல்லாம் சரியாகப் போகிறது, ஜேபெக் மட்டும் 0 பைட்."

ஜேபெக் மட்டும் என்று கேட்டவுடனே சந்தேகம் ஒரே இடத்துக்குப் போனது. ஜேபெக் கோப்பின் முதல் இரண்டு பைட்டுகள் எப்போதும் 255, 216. ஜாவாவின் ஒற்றை பைட் ரீட் 0 முதல் 255 வரை ஒரு எண்ணைத் தரும், முடிந்துவிட்டால் -1 தரும். அதனால்தான் அது பைட்டாக இல்லாமல் இன்ட்டாக வருகிறது. அந்த மதிப்பை பைட் வேரியபிளில் போட்டால் 255-உம் -1 ஆகிவிடும்; அதை -1-உடன் ஒப்பிட்டால் 255-க்கும் முடிவுக்கும் வித்தியாசம் இருக்காது. முதல் பைட்டிலேயே லூப் முடிந்துவிடும்.

டெக்ஸ்ட் ஏன் தப்பித்தது என்றால், சரியான யூடிஎஃப்-8-இல் (எழுத்துகளை பைட்டாக்கும் முறை) 255 என்ற பைட் எங்கேயுமே வராது. தமிழ், ஆங்கிலம், எமோஜி எதை வைத்துச் சோதித்தாலும் பாஸ் ஆகும்.

சி-யில் இதே தவறு இன்னும் மோசம். கெட்சார் (ஒரு பைட் படிக்கும் ஃபங்ஷன், இதிலும் முடிவுக்கு -1 தான்) தருவதை சார் வேரியபிளில் வாங்கினால், இன்டெல் லினக்ஸில் சார் குறியுள்ள (எதிர்ம எண்ணும் ஏற்கும்) வகை என்பதால் 255 வந்த இடத்தில் காப்பி நின்றுவிடும். ஏஆர்எம் லினக்ஸில் சார் குறியற்றது. அங்கே ஒப்பீடு ஒருபோதும் உண்மையாகாது, லூப் நிற்கவே நிற்காது. ஒரே கோட் ஒரு மெஷினில் பாதியில் நிற்கிறது, இன்னொன்றில் டிஸ்க்கை நிரப்புகிறது. இரண்டையும் ஒரே பக் என்று சேர்த்துப் பார்க்கவே எங்களுக்கு நேரம் பிடித்தது.

#3

#2-இல் யூடிஎஃப்-8 தப்பித்தது என்கிறார். எனக்குக் கிடைத்தது அதற்கு நேரெதிர்: தமிழ் மட்டும் கெட்டது, ஆங்கிலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீளமான தமிழ்க் கட்டுரைகளில் அங்கங்கே கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் வருகிறது என்று எடிட்டர் ஒருவர் அனுப்பியிருந்தார். சின்னக் கட்டுரைகளில் இல்லை. காரணம் இது. பைட்டுகளை 8192 துண்டாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் தனியாக ஸ்ட்ரிங் ஆக்கி, அதைத் திரும்ப பைட்டாக்கி எழுதுகிறார்கள். தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். இடைவெளியே இல்லாத தமிழாக இருந்தால் 8192-இல் 2730 குறிகள் முழுதாக அடங்கி, அடுத்ததின் முதல் இரண்டு பைட்டுகள் இந்தத் துண்டிலும் மூன்றாவது அடுத்த துண்டிலும் விழும். டிகோடர் (பைட்டுகளை எழுத்தாக்கும் பகுதி) இரண்டையும் செல்லாதவை என்று தள்ளிவிட்டு மாற்றுக்குறியை, அதாவது அந்தக் கறுப்புக் கட்டத்தை, போடும். ஆங்கிலம் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் எங்கே வெட்டினாலும் தாங்கும்.

மாற்றுக்குறி விழுந்தால் பழைய எழுத்து போனது போனதுதான். எந்த பைட் இருந்த இடத்திலும் 239, 191, 189 என்ற அதே மூன்று பைட்டுகள்தான் உட்காரும், அதிலிருந்து திரும்பிப் போக வழி கிடையாது. இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பைனரி கோப்பு ஒன்று கெட்டுப்போய் கைக்கு வந்து, அதைத் திறந்து பார்த்தால் 239 191 189 அடிக்கடி கண்ணில் படுகிறதா, வழியில் யாரோ அதை டெக்ஸ்ட்டாக மாற்றியிருக்கிறார்கள் என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

பிஎன்ஜி வடிவத்தை வகுத்தவர்களை இந்த இடத்தில் பாராட்ட வேண்டும். அதன் முதல் எட்டு பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. 137 என்பது ஆஸ்கிக்கு (0 முதல் 127 வரையான அடிப்படை எழுத்து எண்கள்) வெளியே இருப்பதால் டெக்ஸ்ட் என்று நினைத்துக் கையாண்டால் உடனே காட்டிக்கொடுக்கும். 13, 10 என்ற ஜோடியும் கடைசியில் தனியாக நிற்கும் 10-உம், வரி முடிவுகளை யாராவது மாற்றியிருந்தால் சிதைந்துவிடும். தவறான காப்பியை வாசலிலேயே பிடிக்கும் பொறி அது.

எங்கள் சிக்கலுக்குத் தீர்வு எளிது: அங்கே டிகோட் செய்யவே தேவையில்லை. பைட்டை பைட்டாகவே கடத்தினால் போதும். அந்த ஸ்ட்ரிங் வரிகளை எடுத்தோம், பிரச்சினை தீர்ந்தது.

#4

டாட்நெட் பக்கத்திலிருந்து சுருக்கமாக.

மெமரி ஸ்ட்ரீமில் (நினைவகத்திலேயே இருக்கும் ஸ்ட்ரீம்) ரிப்போர்ட்டை எழுதிவிட்டு, உடனே அதைக் காப்பிடூ என்ற காப்பி ஃபங்ஷன் மூலம் கோப்புக்கு அனுப்பினால் 0 பைட் கோப்பு வரும். காப்பிடூ ஸ்ட்ரீம் இப்போது நிற்கும் இடத்திலிருந்துதான் தொடங்கும், எழுதி முடித்த ஸ்ட்ரீம் கடைசியில்தான் நிற்கும். பொசிஷனை 0 ஆக்கிவிட்டு அழைக்க வேண்டும். பைத்தானின் காப்பிஃபைல்ஆப்ஜ் செயல்படுவதும் இப்படித்தான்.

இன்னொன்று: டாட்நெட் 6-க்கு மாறியபோது ஜிஜிப் (சுருக்கிய தரவு) ஸ்ட்ரீமிலிருந்து படிக்கும் ஒரு பழைய கோட் உடைந்தது. கேட்ட அளவு முழுதும் வரும் என்று நம்பி ஒரே ஒரு ரீட் போட்டிருந்தார்கள். அந்தப் பதிப்பிலிருந்து ஜிஜிப், டிஃப்ளேட், க்ரிப்டோ ஸ்ட்ரீம்கள் கேட்டதைவிடக் குறைவாகவும் தரலாம். ரீடின் ஒப்பந்தத்தில் அது முன்பிருந்தே உண்டு, நடைமுறையில் அப்போதுதான் தெரிந்தது. டாட்நெட் 7-இல் கேட்ட அளவு முழுதும் படிக்கும் ரீட்எக்ஸாக்ட்லி வந்ததால் இப்போது அதையே பயன்படுத்துகிறோம்.

#5

இதுவரை எழுதியதெல்லாம் தரவு கெட்ட கதை. என்னுடையது தொங்கிப்போன கதை.

வீடியோ மாற்றும் ஒரு வெளி ப்ரோகிராமை எங்கள் சர்வீஸ் ஓடவைக்கும். அதன் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை ஒரு கோப்புக்குக் காப்பி செய்து, அது முடிந்த பிறகு ஸ்டாண்டர்ட் எர்ரரை (செய்திகள் வரும் தனி வழி) படித்து லாகில் போடும். சின்ன வீடியோவுக்கு ஒழுங்காக ஓடும். பெரியது வந்தால் சில சமயம் அப்படியே நிற்கும். சிபியூ 0, எர்ரர் இல்லை, டைம்அவுட் இல்லை. மறுபடி ஓடவைத்தால் அதே வீடியோவில், அதே இடத்தில் நிற்கும்.

அதே இடத்தில் என்பதுதான் துப்பு. நெட்வொர்க், டிஸ்க் சிக்கலாக இருந்தால் இடம் மாறியிருக்கும். லினக்ஸில் 2.6.11 கெர்னலிலிருந்து ஒரு பைப்பின் (ஒரு ப்ரோகிராமின் வெளியீடு இன்னொன்றுக்கு வரும் குழாய்) வழக்கமான கொள்ளளவு 65,536 பைட். அந்த வெளி ப்ரோகிராம் முன்னேற்றச் செய்திகளை ஸ்டாண்டர்ட் எர்ரரில் எழுதிக்கொண்டே இருக்கிறது, படிக்க ஆளில்லை. 65,536 நிறைந்ததும் அடுத்த ரைட் தடைபட்டு நிற்கிறது. அது நின்றுவிட்டதால் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டிலும் ஒன்றும் வராது. நம் பக்கம் அவுட்புட் முடியட்டும் என்று காத்திருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்து என்றைக்கும் அப்படியே இருப்பார்கள். எஸ்ட்ரேஸ் (ஒரு ப்ராசஸ் கெர்னலிடம் கேட்பவற்றைக் காட்டும் கருவி) போட்டுப் பார்த்தோம். குழந்தை ப்ராசஸ் 2 என்ற டிஸ்கிரிப்டரில் (ஸ்டாண்டர்ட் எர்ரரின் எண்) ரைட்டுக்குள் உறைந்து நின்றதைப் பார்த்ததும் வாதத்துக்கு இடமில்லாமல் போனது.

இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும், இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு த்ரெட் வைக்கலாம். பைத்தான் என்றால் கம்யூனிகேட் இதைத்தான் செய்கிறது. ஜாவாவில் எர்ரர் ஸ்ட்ரீமை நேரே ஒரு கோப்புக்குத் திருப்பிவிடலாம், நாங்கள் அதைத்தான் செய்தோம். ரீடைரக்ட் எர்ரர் ஸ்ட்ரீமை (எர்ரரை அவுட்புட்டோடு சேர்க்கும் அமைப்பு) ட்ரூ ஆக்கச் சொல்லும் பதில்கள் நிறையக் கிடைக்கும். எங்களுக்கு அது உதவாது. வீடியோ பைட்டுகளுக்கு நடுவே எர்ரர் செய்திகள் கலந்துவிடும்.

#6

#5-ஐப் போலவே தொங்கிய ஒன்று, ஆனால் சாக்கெட்டில். ஒரு பக்கம் கோப்பை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. மறுபக்கம் -1 வரும்வரை படித்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்றிருந்தது. அனுப்புபவர் தன் பக்கத்தை மூடாத வரை -1 வராது. அனுப்பி முடித்ததும் ஷட்டவுன் அவுட்புட் (அனுப்பும் திசையை மட்டும் மூடுவது) செய்தால் எதிர்ப்பக்கம் முடிவைப் பார்க்கும், பதில் வரும் வழியும் திறந்தே இருக்கும். அல்லது அளவை முதலிலேயே அனுப்பி, அத்தனை பைட் மட்டும் படிக்க வேண்டும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். இணைப்பு பாதியில் அறுந்தால் அறுந்தது என்று கண்டுபிடிக்கவும் அந்த எண் உதவும்.

இதைத் திருத்த யாரோ அவெய்லபிள் என்ற ஃபங்ஷன் தருவது 0 ஆனால் முடிந்தது என்று வைத்திருந்தார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காத்திருக்காமல் இப்போது எத்தனை பைட் படிக்கலாம் என்ற மதிப்பீட்டைத்தான் அது தருகிறது. நெட்வொர்க் கொஞ்சம் தாமதித்தாலே கோப்பு பாதியில் வெட்டுப்படும். அதுவும் டெவலப்பர் மெஷினில் நடக்காது, உண்மையான பயனருக்குத்தான் நடக்கும்.

#7

முடிவைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்கிறேன். எல்லா ஜிஜிப் கோப்பும் சரியாக 10 பைட் இருந்த ஒரு ஃபோல்டரைப் பார்த்திருக்கிறேன். ஜாவாவின் ஜிஜிப் அவுட்புட் ஸ்ட்ரீம் உருவானவுடனே 10 பைட் தலைப்பை எழுதிவிடும். உள்ளடக்கம் சின்னதாக இருந்தால் சுருக்கும் பகுதியின் உள்ளேயே காத்திருக்கும். க்ளோஸ் அல்லது ஃபினிஷ் அழைத்தால்தான் அது வெளியே வரும், சரிபார்ப்பு எண்ணும் அளவும் கொண்ட கடைசி 8 பைட்டும் அப்போதுதான் எழுதப்படும். அங்கே ஃப்ளஷ் மட்டும் அழைத்திருந்தார்கள், வழக்கமான அமைப்பில் அது போதாது. கோட்டில் காப்பி லூப் குறையில்லாமல்தான் இருந்தது. எல்லாரும் லூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

க்ளோஸ் தரும் எர்ரரை விழுங்குவதும் தவறு. எழுதிய தரவு நிஜமாகப் போய்ச் சேரவில்லை என்பது, நெட்வொர்க் கோப்பு முறைமைகளில் சில சமயம் க்ளோஸின்போதுதான் தெரியவரும்.

#8

நோட் ஜேஎஸ் ஆட்களுக்கு ஒரு வரி: பைப் (ஒரு ஸ்ட்ரீமை இன்னொன்றோடு இணைக்கும் ஃபங்ஷன்) போட்டால் மூலத்தில் வரும் எர்ரர் இலக்குக்குப் போகாது, இலக்கு தானாக மூடப்படவும் மாட்டாது. பாதி எழுதிய கோப்பு திறந்தபடியே இருக்கும். 10-ஆம் பதிப்பில் வந்த பைப்லைன் இதைப் பார்த்துக்கொள்கிறது.

#9

கேள்வி கேட்கலாமா? இத்தனை சிக்கல் இருக்கும்போது நாம் ஏன் லூப்பையே எழுத வேண்டும்? லைப்ரரியில் இருப்பதை அழைத்தால் போதாதா?

#1 (பதில்)

போதும், அதையே அழைக்க வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஜாவா 9-இலிருந்து ட்ரான்ஸ்ஃபர்டூ இருக்கிறது. கோ மொழியில் ஐஓ காப்பி இருக்கிறது, முடிகிற இடத்தில் கெர்னலே நேராகக் கடத்தும்படி அது பார்த்துக்கொள்ளும். ஆனால் அழைத்த பிறகும் சில பொறுப்புகள் நம்மிடம்தான். இந்த இரண்டும் ஸ்ட்ரீம்களை மூடாது. ஸ்ட்ரீம் எங்கே நிற்கிறது என்று #4 சொன்னதும் நம் கவலைதான். திரும்பி வரும் எண்ணையும் ஆவணத்தைப் படித்துவிட்டே நம்ப வேண்டும். ஜாவாவுக்கான காமன்ஸ் ஐஓ லைப்ரரியின் காப்பி இன்ட் தருவதால், 2,147,483,647 பைட்டைத் தாண்டினால் முழுதாகக் காப்பி செய்துவிட்டு -1 தரும். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு, நன்றாக முடிந்த பெரிய பேக்கப்புகளை அழித்துக்கொண்டிருந்த ஒரு ஸ்கிரிப்டை நான் பார்த்திருக்கிறேன். காப்பிலார்ஜ் லாங் தரும், அங்கே அதுதான் வேண்டும்.

சொந்த லூப் தவிர்க்க முடியாத இடங்களும் உண்டு: முன்னேற்றம் காட்ட, அளவுக்கு வரம்பு வைக்க, வழியிலேயே செக்சம் கணக்கிட. அந்த லூப்புக்கு நான் எழுதும் டெஸ்ட்டை இங்கே தருகிறேன். ஒரு போலி இன்புட் ஸ்ட்ரீம் செய்யுங்கள். எத்தனை பைட் கேட்டாலும் முதல் முறை 1, அடுத்து 7, அடுத்து 3 என்று குறைத்துக் குறைத்துத் தரட்டும். உள்ளடக்கத்தில் 0 முதல் 255 வரை எல்லா பைட்டும் இருக்கட்டும், முதல் பைட் 255 ஆக இருக்கட்டும். மொத்த அளவு பஃபர் அளவின் மடங்காக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலியான ஸ்ட்ரீம் ஒன்று, பஃபர் அளவுக்குச் சரியாக ஒன்று என்றும் தனியாக ஓடவையுங்கள். வெளியே வந்ததை நீளத்தோடு நிறுத்தாமல் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். #1, #2, #3 மூன்றுமே இந்த ஒரு டெஸ்ட்டில் சிக்கியிருக்கும். #5-க்குத் தனியாக எழுத வேண்டும்: எர்ரரில் 65,536-க்கு மேல் எழுதும் ஒரு குட்டி ப்ரோகிராமை ஓடவைத்து, டைம்அவுட் வைத்துப் பாருங்கள்.