‘ஹேவ் சப்மிட்டெட்’டா, ‘சப்மிட்டெட்’டா? மனுவில் எது சரி?

மஞ்சக்குப்பம்_வாசகன்:
மார்க் ஷீட்டில் இனிஷியல் திருத்தம் கேட்டு புதுச்சேரி கல்லூரிக்கு நினைவூட்டல் கடிதம் எழுதணும். முதல் வரியிலேயே சிக்கல்.
அ) ஐ ஹேவ் சப்மிட்டெட் மை அப்ளிகேஷன் ஆன் 12 ஜூன்.
ஆ) ஐ சப்மிட்டெட் மை அப்ளிகேஷன் ஆன் 12 ஜூன்.
இ) ஐ ஹேட் சப்மிட்டெட் மை அப்ளிகேஷன் ஆன் 12 ஜூன்.
ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறவர் ‘இ’தான் மரியாதையா இருக்குங்கறார். எதைப் போட?

லாஸ்பேட்டை_டீச்சர்:
‘ஆ’. செயல் நடந்து முடிந்த தேதியைப் போட்டுவிட்டால் ‘ஹேவ்’ வராது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019, டூ டேஸ் அகோ எல்லாவற்றுக்கும் இதே விதி. ‘12ஆம் தேதியே கொடுத்திருக்கேன்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். அந்த ‘இருக்கேன்’தான் ‘ஹேவ்’ ஆக வந்து ஒட்டிக்கொள்கிறது. தேதி இல்லையென்றால் ‘ஹேவ்’ சரி: ‘ஐ ஹேவ் சப்மிட்டெட் மை அப்ளிகேஷன், தி ரெசீட் இஸ் என்க்ளோஸ்ட்.’

முதுநகர்_ஓடி:
‘ஹேட்’டுக்கும் மரியாதைக்கும் சம்பந்தமே இல்லீங்க. நடந்து முடிஞ்ச இரண்டு சம்பவத்தில் முந்தினதுக்குத்தான் அது. ‘வென் ஐ ரீச்ட் தி ஆஃபீஸ், தி கவுண்டர் ஹேட் க்ளோஸ்ட்’னா, போறதுக்கு முன்னாடியே மூடியாச்சு. ‘தி கவுண்டர் க்ளோஸ்ட்’னா, நீங்க போய் நின்னதும் மூடிட்டாங்க, புகார் மாதிரி தொனிக்கும். உங்க கடிதத்தில் இரண்டாவது சம்பவமே இல்லை. படிக்கிறவர், ‘அப்புறம் வாபஸ் வாங்கிட்டாரோ?’ன்னு யோசிப்பார்.

மஞ்சக்குப்பம்_வாசகன்:
புரிஞ்சுது, நன்றி. அடுத்த வரி: ‘டில் நவ் ஐ டிட் நாட் ரிசீவ் எனி ரிப்ளை.’ இது ஓகேவா?

லாஸ்பேட்டை_டீச்சர்:
இங்கேதான் ‘ஹேவ்’ வேண்டும். ‘இதுவரை’ என்பது இன்னும் முடியாத காலம்: ‘ஐ ஹேவ் நாட் ரிசீவ்ட் எனி ரிப்ளை ஸோ ஃபார்.’ அமெரிக்கர்கள் பேச்சில் ‘ஐ டிட் நாட் கெட் இட் யெட்’ என்பார்கள். அலுவலகக் கடிதத்துக்கு வேண்டாம். ‘சின்ஸ்’ என்றால் தொடங்கிய நாள்: ‘சின்ஸ் 12 ஜூன்.’ கால அளவுக்கு ‘ஃபார் டூ மந்த்ஸ்’. ‘சின்ஸ் டூ மந்த்ஸ்’ என்று எழுதாத ஆளே நம் பக்கம் இல்லை போலிருக்கிறது!

முதுநகர்_ஓடி:
கடைசியில் ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ போடாதீங்க. என்ன செய்யணும்னு அதில் ஒண்ணுமே இல்லை. ‘ப்ளீஸ் இஷ்யூ எ ரிவைஸ்ட் மார்க் ஷீட் வித் தி இனிஷியல் ஆர் இன்ஸ்டெட் ஆஃப் கே’ன்னு உங்க எழுத்தைப் போட்டு எழுதுங்க. ரசீது எண்ணும் தேதியும் சப்ஜெக்ட் வரிக்குக் கீழே ‘ரெஃப்’பில் வரட்டும், க்ளர்க் ஃபைலைத் தேடி எடுக்க அதுதான் வேணும்.