ஏற்காட்டில் குறும்படம்: பாக்கெட் 4கே கேமராவுக்கு என்ன செட்டிங்?

அஸ்தம்பட்டிக்காரன்:
வணக்கம். ஏற்காட்டில் காப்பித் தோட்டம், விடியற்காலைப் பனிமூட்டம். அப்புறம் சேலத்தில் டியூப்லைட் எரியும் ஓட்டு வீடு. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே வாடகைக்கு எடுக்கிறோம். டிஎஸ்எல்ஆர்தான் பழக்கம். ஐஎஸ்ஓ, பேட்டரி, மெமரிக்கு என்ன செய்யலாம்? ஆட்டோஃபோகஸை நம்பலாமா?

லைட்மீட்டர்:
நம்பாதீங்க தம்பி. பட்டனை அழுத்தினா ஒரு தடவை பிடிக்கும், நடந்து வர்ற ஆளைத் தொடராது. ஃபோகஸ் பிடிக்க ஒருத்தர் கட்டாயம் வேணும். கை நடுக்கத்தைச் சமன் செய்யுற சென்சார் ஸ்டெபிலைசேஷனும் கிடையாது.

ஐஎஸ்ஓவைத்தான், அதாவது கேமராவோட ஒளி உணர்திறனைத்தான், நல்லாப் புரிஞ்சுக்கணும். நேட்டிவ், அதாவது சென்சாருக்கே உரிய அடிப்படை ஐஎஸ்ஓ, இரண்டு: 400, 3200. 100 முதல் 1000 வரை ஒரு வரிசை, 1250-லிருந்து அடுத்தது. அதனால 1000-ஐ விட 1250-இல் இருட்டுப் பகுதி சுத்தமா இருக்கும், ஆனா ஹைலைட் (ரொம்ப வெளிச்சமான பகுதி) சீக்கிரம் வெளுத்துடும். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெள்ளை வானம் தெரியுற ஃபிரேமுக்கு 400-தான். வெளிச்சம் அதிகம்னு 100-க்கு இறக்காதீங்க, அங்கேயும் ஹைலைட் போயிடும். லென்ஸுக்கு முன்னாடி என்டி (வெளிச்சத்தைக் குறைக்கிற ஃபில்டர்) போடுங்க. ரா (RAW) ஃபார்மேட்டில் எடுத்தா ஐஎஸ்ஓவை எடிட்டில் மாத்தலாம், அதே வரிசைக்குள்ள மட்டும்.

டியூப்லைட்டுக்கு: நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 ஃபிரேமில் 180 டிகிரி ஷட்டர் வெச்சா ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்குற நேரம் 1/48 நொடி, பழைய சோக் லைட்டில் வெளிச்சம் துடிக்கும். 172.8 டிகிரி வைங்க, சரியா 1/50 வரும்.

டேட்டா மாமா:
ரா 5:1 (அஞ்சுக்கு ஒண்ணா சுருக்கினது), டிசிஐ 4கே (சினிமா அகல 4கே), 24 ஃபிரேம்: நொடிக்குச் சுமார் 65 எம்பி. 1 டிபி எஸ்எஸ்டியில் நாலு மணி நேரம் எடுக்கலாம். எஸ்எஸ்டியை கேமராவிலேயே எக்ஸ்ஃபேட் (exFAT) முறையில் ஃபார்மேட் பண்ணுங்க. யூஎஸ்பி-சி ஒயர் கொஞ்சம் அசைஞ்சாலும் ரெக்கார்டிங் நின்னுடும், கேஜில் (கேமராவைச் சுத்தி மாட்டுற உலோகச் சட்டம்) கிளாம்ப் போட்டு இறுக்கணும். கேமராவுக்குள்ள போடுற எல்பி-ஈ6 பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிசு. வி-மவுண்ட் பேட்டரியும் (வெளியே மாட்டுற பெரிய பேட்டரி) அதைக் கேமராவோட இணைக்கிற டூ-பின் கேபிளும் சேர்த்து வாடகைக்குக் கேளுங்க.

மலைப்பாதை:
என்டி பத்தி ஒண்ணு. அடர்த்தியான சாதா என்டி போட்டா கறுப்புத் துணி காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறும், அகச்சிவப்பு ஒளி உள்ளே புகுந்துடுறதுதான் காரணம். அகச்சிவப்பையும் தடுக்கிற ஐஆர் என்டின்னு கேட்டு வாங்குங்க.

இந்த பாடிக்கு வெதர் சீலிங் இல்லை, உள்ளே ஃபேன் வேற ஓடுது. பனி சொட்டினா ரெயின் கவர் போடுங்க, காத்து வெளியேறும் துளைகளை மட்டும் அடைச்சுடாதீங்க. மலையிறங்கி சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு (பழைய சினிமா ஸ்டுடியோ வாசல்) வந்ததும் உடனே பையைத் திறக்காதீங்க. மேலே குளிர்ந்த கண்ணாடியில் கீழே ஈரம் படியும். அரை மணி நேரம் மூடியே வெச்சுட்டு, அப்புறம் லென்ஸைக் கழட்டுங்க.