கறிவேப்பிலையில் எச்சம் நகர்கிறது!

மொட்டைமாடி:
தஞ்சாவூரில் எங்கள் மாடியில், பழைய பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். போன வாரம் இலைகளில் குருவி எச்சம் மாதிரி அங்கங்கே கிடந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்று போனால் எச்சம் நகர்கிறது! எண்ணினேன், ஏழு. இன்று அதில் இரண்டு பச்சையாகிவிட்டன. முன்பக்கம் கண் மாதிரி பொட்டு. குச்சியால் தொட்டதும் சிவப்பாக இரட்டை நாக்கு போல ஒன்றை நீட்டியது. நாற்றம் வேறு. மாமியார் "வேப்பெண்ணெய் அடி" என்கிறார். ரசத்துக்குக் கிள்ள இலை இல்லையே, அவர் சொல்வதும் நியாயம்தான். எனக்குத்தான் மனம் வரவில்லை. இது என்ன புழு?

வாய்க்கால்கரை:
கறிவேப்பிலை அழகி வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். எலுமிச்சை அழகியும் இதே செடியில் முட்டை வைக்கும், அதனால் படம் போடுங்கள். சின்னதில் எச்ச வேஷம், கடைசி முறை தோல் உரித்ததும் பச்சை. நீங்கள் பார்த்தது நாக்கு இல்லை, தலைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் கொம்பு. எறும்பு, சிலந்தியை விரட்டத்தான் அந்த நாற்றம். கடிக்காது, கொட்டாது.

நாரத்தை:
சாப்பாட்டுச் செடிக்கு மருந்து எதற்கு அக்கா? வாளிச் செடி ஏழு புழுவுக்குத் தாங்காது. பச்சையானவை இரண்டு நாளில் மொட்டை அடித்துவிடும். இரண்டை விட்டுவிட்டு மற்றதை இலையோடு கிள்ளி, யார் வீட்டிலாவது பெரிய கறிவேப்பிலை மரம் இருந்தால் அதில் விடுங்கள். நான் முன்பு நசுக்கிக்கொண்டுதான் இருந்தேன், ஒளிப்பானேன்.

மொட்டைமாடி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஐந்தைத் தெருக்கோடி மரத்தில் விட்டேன். மீதி இரண்டும் துணி காயப்போடும் கொடிக்கம்பத்தில் ஏறி, இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாயின. ஒன்றில் கடுகளவு ஓட்டை, பூச்சி வரவேயில்லை. இன்னொன்று நேற்றுக் காலை வெடித்தது. ஆனால் கறுப்பு இறகில் சிவப்புத் திட்டு! இணையத்தில் பார்த்த கறிவேப்பிலை அழகிக்கு வெள்ளைப் பொட்டு வரிசைதானே? புழு மாறிவிட்டதா?

வாய்க்கால்கரை:
மாறவில்லை, பெண் பூச்சி. வெள்ளை வரிசை ஆணுக்கு. பெண்களில் சிலதும் அப்படியே இருக்கும். மற்றவை ரோஜா அழகி போன்ற நஞ்சுள்ள வண்ணத்துப்பூச்சிகள் மாதிரி வேஷம் போடும். ரோஜா அழகியின் புழு ஆடுதின்னாப்பாளையைத் தின்று நஞ்சு ஏற்றிக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடாது. அந்தப் பயத்தில் இதுவும் தப்பிக்கும். ஓட்டை போட்டது குட்டிக் குளவி. கூட்டுப்புழுவுக்குள் முட்டை வைத்திருக்கும்.

மொட்டைமாடி:
சரி, புரிந்தது. இன்று காலை இன்னொரு சிவப்புக்காரி வந்து தளிர் நுனியில் வயிற்றை வளைத்தாள். செடியில் இப்போதுதான் எட்டுத் தளிர். மாமியார் துண்டை எடுத்து வீசி, "அடுத்த மாசம் வாடி" என்று விரட்டிவிட்டார்.