பின்சீட் பற்றரி நிறையாத கதை

அப்பாவின் திறக்காத இன்சுலினை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர வானில் 12 வோல்ட் பிரிட்ஜ் ஒன்றை வைத்தோம். அதற்கென்றே பின்சீட்டுக்குக் கீழே 100 ஆம்பியர் மணி பற்றரி ஒன்றும் பூட்டினோம். ஏ9 வீதியில் அவ்வளவு நேரம் ஓடினால் நிறைந்துவிடும் என்றுதான் நம்பினேன். முதல் இரவே, விடியுமுன் பிரிட்ஜ் நின்றுவிட்டது. மருந்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பற்றரிதான் பழுது என்று முடிவுகட்டி, வேறொன்று வாங்க, வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கே வயரிங் வேலை பார்க்கும் நானா ஒருவர், "பொறுங்க தம்பி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்க" என்று மீட்டரை எடுத்தார். முன் பற்றரியில் 14.2 வோல்ட். பின் பற்றரியில் 12.9.

"பற்றரியில பிழையில்ல. வயர் மெல்லிசு, எர்த்தும் சரியில்ல."

பின்னால் வந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், ஐந்து மீட்டர் நீளம். 20 ஆம்பியர் ஓடினால் அதிலேயே முக்கால் வோல்ட் போய்விடும். வானின் இரும்பு உடலோடு வயரைச் சேர்க்கும் எர்த் ஆணியை பெயிண்டுக்கு மேலேயே முடுக்கியிருந்தார்கள். மீதி அங்கே போயிருக்கிறது. ஈய அமிலப் பற்றரி ஒழுங்காக நிறைய 14 வோல்டுக்கு மேல் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் சார்ஜ் ஊர்ந்து ஊர்ந்துதான் ஏறும். அரைகுறையாகவே மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகி, நல்ல பற்றரியும் கெட்டுப்போகும்.

வானின் தரைப் பாயைத் தூக்கியபோதுதான் எனக்கு உடம்பு நடுங்கியது. சீட் ரெயில் உரசி உரசி வயரின் தோல் கிழிந்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. முன்முனையில் பியூஸ் இல்லை. அந்தச் செம்பு வானின் இரும்பு உடலில் பட்டிருந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து வயர் தீப்பிடித்திருக்கும், வானுக்குள் அப்பாவும் இருந்திருப்பார்.

16 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, குழாய்க்குள் விட்டு, பெயிண்டைச் சுரண்டி எர்த் கொடுத்தார். பியூஸ் இரண்டு முனையிலும், பற்றரிக்குக் கிட்டவே. இரண்டு பக்கமும் பற்றரி இருப்பதால் ஒன்று போதாது. நடுவில் ஒரு ரிலே, அதாவது தானாக இயங்கும் சுவிட்ச்: வோல்டேஜ் 13.3ஐத் தாண்டினால் இணைக்கும், 12.8க்கு இறங்கினால் பிரிக்கும். அதனால் பிரிட்ஜ் இரவெல்லாம் ஓடினாலும் காலையில் வான் ஸ்டார்ட் ஆகும்.

பழைய பற்றரியை ராத்திரி முழுக்க சார்ஜரில் போட்டு, கழற்றிச் சில மணி நேரம் விட்டுப் பார்த்தோம். 12.7 வோல்ட் அசையாமல் நின்றது. இப்போது எஞ்சின் ஓடும்போது பின்னால் 14.1 காட்டுகிறது.

லித்தியம் பற்றரி போட நினைப்பவர்கள் இந்த ரிலேயை நம்ப வேண்டாம். லித்தியம் பற்றரி இழுக்கிற கரண்டில், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சூடேறிப் போகலாம். அதற்கு, கரண்டை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர்தான் சரி.