கால்சிமிமெட்டிக்: 'போலி' வேண்டாமே

வணக்கம்.

கால்சிமிமெட்டிக் (calcimimetic, 'கால்சியத்தைப் போலச் செய்வது' என்று பெயர், பாராதைராய்டு சுரப்பியை அடக்கும் மருந்து வகை) என்பதற்குத் தமிழில் 'கால்சியப் போலி' என்று வைக்கலாம் என ஐயா ஒருவர் சொன்னது இலக்கணப்படி அழகுதான். அறம் 'அறன்' ஆவதைக் கடைப்போலி என்று படித்தவர்களுக்கு, ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்தாலும் பொருள் மாறாது என்பது சட்டென்று பிடிபடும். ஆனால் மருந்துக்கடையில் நின்று 'போலி' என்று சொல்லிப் பாருங்கள், கடைக்காரர் முகம் மாறிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்த மருந்து கால்சியத்தின் இடத்துக்கு வருவதே இல்லை. கழுத்தில் தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பியின் செல்மேல் கால்சியத்தை உணரும் ஏற்பி (receptor) ஒன்று இருக்கிறது (1993-இல் பாஸ்டனில் எட்வர்ட் பிரவுனும் ஸ்டீவன் ஹெபர்ட்டும் கண்டுபிடித்தது). கால்சியம் போதுமான அளவு வந்து ஒட்டினால் அந்த ஏற்பி, சுரப்பியின் ஹார்மோனான பிடிஎச் (PTH) சுரப்பதை நிறுத்தச் சொல்லும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு பாஸ்பேட் தேங்கி, வைட்டமின் டி குறைந்து, கால்சியமும் இறங்கிவிடுவதால், அரிசிமணி அளவுச் சுரப்பிகள் வீங்கிப் போய் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்குகின்றன. கால்சிமிமெட்டிக் மாத்திரையான சினாகால்செட் அந்த ஏற்பியில் வேறோர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, இருக்கிற கால்சியத்தையே அதிகமாக உணர வைக்கிறது. சுரப்பி ஏமாந்து அடங்குகிறது, கத்தி வைக்காமலே. ஆகவே போலி, நிகரி, ஒப்பி எதுவுமே செயலைச் சொல்லவில்லை.

இதில் எனக்குச் சொந்தக் கதையும் உண்டு. அப்பா வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார். இரத்தத்தில் பிடிஎச் அளவு 1,100-ஐத் தாண்டிவிட்டது. மற்றவர்களுக்கு 65-க்குள் இருக்க வேண்டியது. டயாலிசிஸ்காரர்களுக்கு அந்த உச்ச வரம்பைப் போல் 2 முதல் 9 மடங்கு வரை பொறுத்துக்கொள்வார்கள், இது அதையும் மீறியது. 30 மி.கி. சினாகால்செட் எழுதினார்கள். "கால் வலிக்கா?" என்று கேட்டார் அப்பா. நான் அரைகுறையாக, "கால்சியம் மாதிரி வேலை செய்யும்பா" என்றேன். அவ்வளவுதான், ரெண்டும் ஒன்றுதானே என்று, பாஸ்பேட்டைப் பிடிக்கச் சாப்பாட்டோடு விழுங்கிவந்த கால்சியம் அசிடேட் மாத்திரையை நிறுத்திவிட்டார். நாலாம் நாள் உதட்டைச் சுற்றி மரத்து, விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றார். இந்த மருந்து இரத்தத்தில் கால்சியத்தை இறக்கும், அதனால்தான் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் அளந்து பார்க்கச் சொல்கிறார்கள். 'கால்சியம் மாதிரி' என்ற என் மொழிபெயர்ப்பு நேர் எதிராகப் போய் முடிந்தது.

சரி, வேறு என்ன வைக்கலாம்? முதலில் 'கூர்ப்பி' என்று நினைத்தேன், உணர்வைக் கூராக்குவது என்ற பொருளில் கச்சிதமாக இருந்தது. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் கூர்ப்பு என்றால் பரிணாமம், அங்குள்ளவர்கள் சிரிப்பார்கள். 'உணர்வூக்கி' என்றால் லாட்ஜ் வைத்தியர் விளம்பரம் போல ஒலிக்கிறது, வேண்டவே வேண்டாம். இந்த ஏற்பியை 'கால்சிய உணர்வி' என்று வைத்துக்கொண்டால் மருந்து 'கால்சிய உணர்வியூக்கி' ஆகிவிடும். வினையூக்கி ஏற்கெனவே பழகிய சொல் என்பதால் ஊக்கி உறுத்தாது. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, டயாலிசிஸ் முடியும்போது ஊசியாகப் போடும் எடெல்கால்செடைடுக்கும் இது பொருந்தும், அதுவும் அதே ஏற்பியைத்தான் தூண்டுகிறது.

நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதனால் கலைச்சொல் பட்டியலில் இது இருக்கட்டும். நோயாளி கையில் கொடுக்கும் தாளில் 'பாராதைராய்டை அடக்கும் மாத்திரை' என்று மட்டும் போடலாம், கால்சியம் என்ற பேச்சே அங்கு வேண்டாம்.

அப்புறம், பாராதைராய்டுக்குச் சொல்லும் 'இணைத்தைராய்டு' என்ற பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. இணை என்றால் எனக்கு ஜோடிதான் நினைவுக்கு வருகிறது, அவையோ பெரும்பாலும் நான்கு. நான் பாராதைராய்டு என்றே விட்டுவிடுவேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள், ஆனால் 'போலி'யை மட்டும் மறுபடி கொண்டு வராதீர்கள்.