அக்கில் தீவு ஸ்லீவ்மோர் கிராமம் ஏன் காலியாச்சு?

கேள்வி: அயர்லாந்துல மேயோ கவுண்டி, அக்கில் தீவு, ஸ்லீவ்மோர் மலையடிவாரத்துல கூரையே இல்லாத கல்வீடுங்க வரிசையா நிக்குற போட்டோ பாத்தேன், மனசு என்னமோ பண்ணுச்சு. அங்க இருந்தவங்கல்லாம் எங்க போனாங்க?

பதில்: 1845ல உருளைக்கிழங்குல நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்துச்சுங்க, அதான் பெரிய அடி. நெறைய பேர் கடலோரமா இருக்குற டூவாவுக்கு இறங்கிட்டாங்க, அங்க மீனாவது கிடைக்கும்ல.

பதில்: ஆனா ஒரேயடியா காலியாகல. 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் கோடையில மாட்ட ஓட்டிட்டு வந்து அதே வீடுங்கள்ல தங்கி மேய்ச்சிருக்காங்க. பெரும்பாலும் ஒரே ரூம்தான், ஒரு பக்கம் மனுஷங்க இன்னொரு பக்கம் மாடு, மாடு கட்டுன வளையம் சில செவுத்துல இன்னும் இருக்கு.

பதில்: சுத்தி வரிவரியா மேடு தெரியுதே, அது கிழங்கு போட்ட பாத்தி, புல்லு மூடியும் அழியல. நேர்ல போனா செவுத்து மேல ஏறாதீங்க ப்ளீஸ், காரை பூசாம அடுக்குன கல்லு அது.